பிஞ்சுக் கையின் ஒப்பம்

நூலையும் நாடகத்தையும் ஓவியத்தையும் எடைபோடப் பழகிய நாம், நம் வீட்டு அலமாரித் தட்டிலேயே இருக்கும் ஒரு கலைவகையை எடைபோட முனைந்ததில்லை. நான்கு, ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் தம் தாய்க்கென்று கையால் செய்து தரும் பரிசுப்பொருள்களையே இங்குக் குறிப்பிடுகிறோம். மடித்த வாழ்த்தட்டை, வண்ணம் தோய்த்த கைத்தடம், களிமண் கிண்ணம், மணி கோத்த மாலை, துணியில் போட்ட நாலு தையல் என்று இவ்வகை விரிந்து செல்லும். கொடுத்தவுடன் தாய் பிள்ளையை அணைத்துக்கொள்கிறாள், தந்தை பாராட்டுகிறார், பொருள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னே போய்விடுகிறது. அன்பினால் தரப்படுவதில் குறை காண்பது பண்பன்று என்பது நம் எண்ணம். பிள்ளையிடம் குறை காண்பது பண்பன்றுதான். ஆனால், அப்பொருள் உண்மையில் பிள்ளையுடையதுதானா என்று கேட்பதில் பண்புக்குறைவு ஏதுமில்லை. கேளாமல் விட்டதால்தான் இக்கலையில் ஒரு பொய் நுழைந்து, நெடுநாளாக வசதியாக வாழ்ந்து வருகிறது.

அன்னையர் நாள் மே மாதத்து இரண்டாம் ஞாயிறன்று வருகிறது. அவ்வேளையில் தமிழகப் பள்ளிகள் விடுமுறையில் இருக்கும். எனவே நம்மிடையே இக்கைவேலைக்கு இடமளிப்பவை பெரும்பாலும் பங்குகளில் நடைபெறும் கோடைக்கால மறைக்கல்வி வகுப்புகளே. அத்தகைய வகுப்பு ஒன்றின் நிறைவு நாளில் வைக்கப்பட்டிருந்த கண்காட்சியை அண்மையில் கண்டோம். நீண்ட மேசைமேல் வெள்ளை விரிப்பு. அதன்மேல் நாற்பது வாழ்த்தட்டைகள். ஒவ்வொன்றும் இளஞ்சிவப்பு அட்டை. நடுவில் இதய வடிவம். அதைச் சுற்றி ஐந்து இதழ்ப் பூ. பூவின் நடுவே பஞ்சு. ஓரமெங்கும் ஜிகினாத் தூள். அடியில் "அன்பு அம்மாவுக்கு" என்று முத்து முத்தான எழுத்து. நாற்பதிலும் அதே எழுத்து, ஆசிரியையின் எழுத்து. இதழ்களைக் கத்தரித்தவரும் அவரே. பிள்ளைகள் செய்தது பசை தடவி, குறித்த இடத்தில் ஒட்டியது மட்டும். அதற்காக அவர் எத்தனை இரவு கண்விழித்திருப்பார் என்பதை எண்ணாமல் இதை எழுதவில்லை. அந்த உழைப்பு மெய்யானது. ஆனால் நாற்பது தாய்மாரும் அன்று பெற்றுச் சென்றது ஒரே பெண்மணியின் கைவேலையை.

மேசையின் கோடியில் ஓர் அட்டை தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, பூ ஒரு முடிச்சாகியிருந்தது. அதன் பின்புறத்தில் பென்சிலால் ஓர் உருவம்: பெரிய வட்டம், வட்டத்துக்குள் இரு கண்கள், ஒரு வாய், நெற்றியில் கரிய அழுத்தமான பொட்டு, வட்டத்தின் அடியிலிருந்தே நேராக இறங்கும் இரு கால்கள். கழுத்தில்லை, உடலில்லை. கைகள் கன்னங்களிலிருந்து புறப்பட்டு இருபுறமும் அகன்று நீண்டிருந்தன. நான்கு வயதுச் சிறுமி செய்ததாம். ஆசிரியை அதற்காக நம்மிடம் மன்னிப்புப் போல ஏதோ சொன்னார். அந்தக் கண்காட்சியில் கலைப்பொருள் என்று சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான் என்பது நம் துணிபு.

இத்தகைய உருவத்தைக் குழந்தைக் கலையை ஆராய்வோர் 'தலைப்பிரட்டை மனிதன்' என்பர். தவளைக்குஞ்சு போல் தலையும் வாலுமாக இருப்பதால் வந்த பெயர். மூன்று, நான்கு வயதளவில், உலகின் பல பகுதிகளிலும், யாரும் கற்றுத்தராமலே குழந்தைகள் இவ்வாறு வரைகின்றனர். இதைப் பிழை என்று கொள்வோருக்கு மறுப்பாக நிற்பவர் பிரெஞ்சு மெய்யியலறிஞர் ஜார்ஜ் ஆன்றி லூக்கே. தம் மகள் சிறுவயது முதல் வரைந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டி, அவற்றை ஆராய்ந்து 1913இல் நூலாக்கினார். குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தான் அறிந்ததை வரைகிறது என்பது அவர் கண்ட முடிவு. நான்கு வயதுப் பிள்ளை தன் தாயைப் பற்றி அறிந்தவை எவை? தன்னை நோக்கும் முகம், தன்னிடம் வரும் கால், தன்னைத் தூக்கும் கை. வயிறும் கழுத்தும் அந்த அறிவில் இன்னும் இடம்பெறவில்லை. பொட்டு இடம்பெற்றிருக்கிறது. அதைக் குழந்தை எவ்வளவு அழுத்தி வரைந்தது என்றால், தாள் மறுபுறம் புடைத்திருந்தது.

ஒன்றிரண்டு ஆண்டு கழித்து அதே சிறுமி உடல் வரைவாள், பாவாடை வரைவாள், காலடியில் தரையென்று ஒரு கோடிழுப்பாள், வானத்தை மேலே நீலப் பட்டையாகத் தீட்டுவாள். தலையிலிருந்து கால் முளைக்கும் தாயை அவள் மறுபடியும் வரையப்போவதில்லை. வரையச் சொன்னாலும் அந்தப் பழைய நேர்மை திரும்பாது. நினைவுப்பொருள் என்ற சொல்லுக்கு இங்கேதான் முழுப்பொருள் கிடைக்கிறது. நாற்பது இளஞ்சிவப்பு இதயங்களை அடுத்த ஆண்டும் செய்யலாம், அதற்கடுத்த ஆண்டும் செய்யலாம்.

இனி, இக்கலைவகையில் இரு உயர்ந்த இனங்கள் உண்டு என்று பிரித்துப் பார்க்கிறோம். ஒன்று ஆக்கம், மற்றொன்று தடம். பிள்ளை தானே எண்ணி, தானே தேர்ந்து, தானே செய்வது ஆக்கம். மேற்சொன்ன பென்சில் உருவம் அத்தகையது. தடம் என்பது பிள்ளையின் எண்ணத்தைக் கேட்பதில்லை. அதன் உடலின் அளவை மட்டும் பதிந்துகொள்கிறது. வண்ணத்தில் தோய்த்துத் தாளில் பதித்த கை, களிமண்ணில் அழுத்திய பாதம் ஆகியவை இவ்வகை. பெரியவர் கையைப் பிடித்துப் பதிய வைத்தாலும் தடம் பொய்யாவதில்லை, ஏனெனில் அது தன்னைப் பிள்ளையின் படைப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை. பிரான்சின் தென்பகுதியில் கார்காஸ் என்னுமிடத்துக் குகைச் சுவர்களில் ஏறத்தாழ 27,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கைத்தடங்கள் பல உள்ளன. கையைப் பாறையில் வைத்து, சுற்றிலும் செம்மண்ணையோ கரியையோ ஊதிப் பதித்தவை. அவற்றுள் பால்மணம் மாறாத குழந்தையின் கை ஒன்றும் உண்டு. அதைப் பெரியவர் ஒருவர் பிடித்திருந்த அடையாளமும் அருகே பதிந்திருக்கிறது. நம் வீடுகளில் செய்வது புதுமை அன்று.

தடத்தை எதில் பதிப்பது என்பதில் நம் நாட்டுத் தட்பவெப்பத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். மேலைநாட்டுக் கைவேலை நூல்கள் பலவும் உப்புமாவைப் பரிந்துரைக்கின்றன. (காலைச் சிற்றுண்டியைச் சொல்லவில்லை.) மைதா இரு பங்கு, தூளுப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஏறத்தாழ ஒரு பங்கு சேர்த்துப் பிசைந்து, கையைப் பதித்து, மிதமான சூட்டில் பல மணிநேரம் உலர்த்துவார்கள். குளிர்நாட்டு உலர்ந்த அறைகளில் அது பல்லாண்டு நிற்கும். நம் கடலோர ஊர்களில் ஐப்பசி மழை தொடங்கியதும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மா நெகிழும், பூஞ்சை பிடிக்கும், எறும்பு வரும். குயவரிடம் கிடைக்கும் களிமண்ணே நமக்கு ஏற்றது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பற்றி மட்டும் கண்டிப்பாக ஒன்று சொல்லவேண்டும். அது தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது வெப்பம் உண்டாகிறது. மொத்தமாகக் கரைத்தால் அவ்வெப்பம் 60 டிகிரியை எட்டக்கூடும். 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி கலை வகுப்பில் தன் கைகளையே அச்சுக்காக அதற்குள் வைத்து, விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். கையைக் களிமண்ணில் அழுத்தி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில்தான் சாந்தை ஊற்றவேண்டும். குழந்தையின் கை ஒருபோதும் சாந்துக்குள் போகலாகாது.

ஆக்கமுமின்றித் தடமுமின்றி நிற்கும் மூன்றாவது இனம், நாம் கண்ட நாற்பது அட்டைகள். அது எங்கிருந்து வந்தது? இங்கே நம் எண்ணம் ஃபிரெடரிக் ஃபிராபெலிடம் செல்கிறது. 1837இல் ஜெர்மனியில் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவருக்கான தம் நிலையத்தைத் தொடங்கி, பின்னர் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டவர் அவர். தாள் மடித்தல், தாள் பின்னல், அட்டையில் நூல் கோத்தல், களிமண் பிசைதல் ஆகியவற்றைக் கல்வியாகக் கருதி மழலையர் வகுப்புக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1782இல் பிறந்த அவர் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். 1844இல் தாய்மார்க்கென்று அவர் வெளியிட்ட பாடல் நூலைப் புரட்டுவோர் இச்செய்தியை அறிந்து புரட்டுவது நல்லது. தமக்குக் கிட்டாத ஒன்றை உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் திட்டமிட்டுத் தர முயன்ற மனிதர் அவர்.

ஆனால் வழிவந்தோர் கையில் அத்திட்டம் இறுகிப்போயிற்று. அட்டையில் புள்ளி குத்தித் தருவார்கள். புள்ளி வழியே குழந்தை ஊசி செலுத்தவேண்டும். கோடு தவறினால் பிரித்து மறுபடியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்வியாளர் ஸ்டான்லி ஹால் இதைக் கடுமையாகக் கண்டித்தார்: இத்தனை நுண்ணிய வேலை அவ்வயதின் நரம்புக்கும் தசைக்கும் ஒவ்வாது என்றார். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897 முதல் நடத்திய சிறுவர் கலை வகுப்பு நேரெதிர்த் திசையில் சென்றது. பிள்ளைகள் தம் உள்ளத்திலிருந்து வரையட்டும், பெரியவர் ஒதுங்கி நிற்கட்டும் என்பது அவர் கொள்கை. விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில், பெரியவர் வரைந்து தந்த படத்துக்குள் வண்ணம் தீட்டும் பயிற்சி குழந்தையின் சொந்த வரைதிறனைக் குன்றச் செய்கிறது என்று வற்புறுத்தினார். இத்தனை பேர் இத்தனை காலம் சொல்லியும் நம் மழலையர் வகுப்புகளில் வென்று நிற்பது புள்ளி குத்திய அட்டைதான். காரணம் எளிது. பெற்றோர் வந்து பார்ப்பார்கள், சுத்தமாக இருக்கவேண்டும். கோணலாக இருந்தால் ஆசிரியைக்குத் திறமையில்லை என்பார்கள். ஆக, குற்றத்தில் பெரும்பங்கு மேசையைச் சுற்றிவந்து "எவ்வளவு நேர்த்தி!" என்று வியந்த நம்மையே சாரும்.

அன்னையர் நாளை அமெரிக்காவில் தோற்றுவித்த ஆன்னா ஜார்விஸ் இந்நோயை முன்னமே கண்டவர். 1905இல் மறைந்த தம் தாயின் நினைவாக, 1908 மே 10ஆம் நாள் கிராஃப்டன் நகரின் மெதடிஸ்டு ஆலயத்தில் வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்து, 500 வெண்ணிறக் கார்னேஷன் மலர்களை அனுப்பினார். 1914இல் குடியரசுத் தலைவர் வில்சன் அதை நாட்டு விழாவாக அறிவித்தார். அதற்குப் பின் வாழ்நாளெல்லாம் ஜார்விஸ் போராடியது தாம் உண்டாக்கிய விழாவோடுதான். பூ வணிகரும் அட்டை அச்சிடுவோரும் அதைத் தமதாக்கிக்கொண்டதை அவரால் பொறுக்க இயலவில்லை. தாய்க்குத் தன் கைப்பட நாலு வரி எழுதச் சோம்புகிறவன்தான் அச்சடித்த அட்டையை அனுப்புவான் என்பது அவர் கருத்து. 1948இல், பொருளெல்லாம் கரைந்து, பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவ இல்லத்தில் இறந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய சினத்தில் மிகை உண்டு என்றாலும், கைப்பட என்ற சொல்லை அவர் பற்றிக்கொண்டிருந்தது சரியே. ஆசிரியையின் எழுத்தில் வரும் "அன்பு அம்மாவுக்கு", அச்சடித்த அட்டையிலிருந்து எவ்வளவு தூரம்?

நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஒரு காலத்தில் மிகுதியாகவும் இன்று அரிதாகவும் காணப்படும் வேறொரு அட்டையையும் இங்கு நினைவுகூர்கிறோம். தாயின் பெயரால் இத்தனை திருப்பலி, இத்தனை செபமாலை, இத்தனை சிறு ஒறுத்தல் என்று எண்ணிக்கையிட்டு, சுற்றிலும் மலர் வரைந்து தரும் அட்டை அது. கருத்தளவில் அதற்கு ஈடான பரிசு இல்லை. பொருளை விட்டு, பிள்ளை தன் நேரத்தையும் செபத்தையும் தருகிறது. நடைமுறையில் நேர்ந்ததோ வேறு. ஐந்து வயதுப் பிள்ளை ஐம்பது செபமாலை வாக்களித்திருக்கும்! எண்ணைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவர் ஆசிரியை; பிள்ளை பார்த்தெழுதியது. அதே பிள்ளையிடம் "அம்மாவுக்காக என்ன செய்வாய்?" என்று கேட்டிருந்தால், "ராத்திரி அழாமல் தூங்குவேன்" என்று சொல்லியிருக்கும். அதை அப்படியே எழுதியிருந்தால் அத்தாய் அந்த அட்டையை முதுமை வரை வைத்திருப்பாள்.

இதுவரை சொன்னது அழகைப் பற்றிய வாதமாகத் தோன்றலாம். இதில் வேறொன்றும் அடங்கியிருக்கிறது. நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் தாயை இழந்த ஒரு பிள்ளை இருக்கக்கூடும். தாய் வளைகுடா நாட்டில் செவிலியாகவோ வீட்டுப் பணியாளாகவோ இருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளை நம் பங்குகளில் அரிதல்ல. பெற்றோர் பிரிந்த பிள்ளையும் உண்டு. முன்கூட்டியே "அம்மாவுக்கு" என்று எழுதிவைத்த அட்டை அப்பிள்ளையின் முன்னால் வைக்கப்படும்போது, அது என்ன செய்யும்? பசை தடவும்; ஒட்டும்; மற்றவர்களைப் போலவே செய்து முடிக்கும். பின்பு, "நீ பாட்டிக்குக் கொடுத்துவிடு" என்று யாராவது மெல்லச் சொல்வார்கள். இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அட்டையில் எழுதியிருப்பது பாட்டி அன்று என்பது அப்பிள்ளைக்குத் தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த வயது அது.

பிரான்சில் மே மாத இறுதியை ஒட்டி வரும் அன்னையர் விழா 1950ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. மழலையர் பள்ளிப் பிள்ளைகள் மாக்கரோனித் துண்டுகளுக்கு வண்ணம் தீட்டி, நூலில் கோத்துத் தாய்க்கு அணிவிப்பது அங்குப் பழகிப்போன நகைச்சுவை. அந்நாட்டுப் பள்ளிகள் சில, அண்மை ஆண்டுகளில், தாயற்ற பிள்ளைகளை எண்ணி, விழாவின் பெயரையே 'நாம் அன்பு செய்வோரின் விழா' என்று மாற்றின. நோக்கத்தை மதிக்கிறோம், தீர்வை ஏற்கத் தயங்குகிறோம். தாயை இழந்த பிள்ளைக்கு அம்மா என்ற சொல்லை மறைத்துவைப்பது ஆறுதலாகுமா? அதைவிட இங்கிலாந்து ஆலயங்களின் வழக்கம் நமக்கு உவப்பானது. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு அங்குத் தாய்மை ஞாயிறு. வேலைக்குச் சென்ற இளையோர் அன்று வழியில் வயலெட் பூக்களைப் பறித்துக்கொண்டு தாய்வீடு திரும்பிய பழைய மரபின் நினைவாக, இன்று ஆலயங்களில் சிறுவர் கையில் சிறு பூச்செண்டுகள் தரப்படுகின்றன. பல ஆலயங்களில் அவை தாய்மார்க்கு மட்டுமன்றி, அங்கிருக்கும் பெண்கள் அனைவருக்கும் வழங்கப்படுகின்றன. தாயில்லாப் பிள்ளை அங்கு வெறுங்கையோடு நிற்பதில்லை. பிள்ளையில்லாப் பெண்ணும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

கைவேலையைப் பொறுத்தவரை நம் தீர்வு இன்னும் எளியது. வெற்றுத் தாளைக் கொடுக்கவேண்டும். வெற்றுத் தாளில் எந்தச் சொல்லும் காத்திருக்கவில்லை. இறந்துபோன தாயை வரைய விரும்பும் பிள்ளை வரையும். பாட்டியை வரைய விரும்பினால் அது முதல் கோட்டிலிருந்தே பாட்டியின் படமாக இருக்கும்; பிறருக்குரியதைத் திருத்திக் கொடுத்ததாக இராது. துபாயிலிருக்கும் தாய்க்கு விமானத்தை வரைந்தால், ஊருக்குத் திரும்பும் யாரோ ஒருவரின் பெட்டியில் மடித்து அனுப்பலாம். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் இக்காலத்திலும் அத்தாளின் வேலையை வேறொன்று செய்வதில்லை.

வெற்றுத் தாள் மட்டும்தானா என்பீர்கள். குருத்தோலை ஞாயிறன்று நம் பிள்ளைகள் ஓலையைக் கிழித்துச் சிலுவை மடிப்பதைப் பார்த்திருக்கிறோம். எந்த அச்சுமில்லை, வெட்டித் தருவாரில்லை. அண்ணன் மடிப்பதைப் பார்த்துத் தங்கை மடிக்கிறாள். முதற்சிலுவை அவிழ்ந்துபோகும், மூன்றாவது கோணலாக நிற்கும். அக்கோணல் சிலுவையைத் தாய் வாங்கி, சுவரிலுள்ள திருவுருவப் படத்தின் பின்னே செருகி வைக்கிறாள். ஓராண்டு அது அங்கே பழுத்து, பழுப்பேறி இருக்கும். அடுத்த திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாக்கக் கோவிலுக்குப் போகும். தென்னங்கீற்றில் கைக்கடிகாரமும் கிலுகிலுப்பையும் செய்யும் ஊர்ப்புறப் பிள்ளைகளின் கைத்திறனும் இவ்வகையே. இவை நெடுநாள் நில்லா. பேணிக்காக்கும் பொருள்தான் நினைவுப்பொருள் என்ற வரையறையை இவற்றின்முன் சற்றே தளர்த்திக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

பேணக்கூடியவற்றைப் பேணும் முறையைப் பற்றியும் ஓரிரு சொல். மைதாப் பசை பூச்சியை அழைக்கும். ஜிகினாத் தூள் நாளடைவில் உதிரும். பென்சிலும் மெழுகு வண்ணக்கோலும் நெடுநாள் நிற்கும். சுவரில் வெயில் படும் இடத்தில் மாட்டினால் வண்ணம் வெளிறும். பிள்ளை படத்தைத் தந்ததும், "இது என்ன?" என்று கேளாமல், "இதைப் பற்றிச் சொல்" என்று கேட்கவேண்டும், சொன்னதைச் சொன்னபடியே, மழலை திருத்தாமல், தாளின் பின்புறத்தில் நாளும் வயதும் இட்டு எழுதிவைக்கவேண்டும். முன்புறத்தில் பெரியவர் எழுத்து வேண்டாம். லூக்கே தம் மகளின் படங்களைச் சேர்த்தது போல் ஆயிரம் படம் சேர்க்க நம் வீடுகளில் இடமில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு போதும். தட்டையான தகரப் பெட்டியில், தாளுக்குத் தாள் வெள்ளைத்துணி இட்டு, இராமபாணப் பூச்சி வராமலிருக்க உலர்ந்த வேப்பிலை போட்டு வைக்கலாம். இலையை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மாற்றவேண்டும்.